மறுப்பியல்: ஓர் ஆம்ப்ளிஃபயரும் நாலு ஜோடி ஸ்பீக்கரும்

பாயிரம்

ஒரு வீட்டில் ஸ்பீக்கர்கள் பெருகுவது இசை வேட்கையால் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது, அவை வந்து சேர்வன. முதல் ஜோடி நான் வாங்கியது. இரண்டாவது, மச்சான் வீடு மாறியபோது, "சும்மாதான் கிடக்கு மாப்ள, வச்சுக்குங்க" என்று தந்தது. மூன்றாவது, பெரியப்பாவின் பழைய டேப் செட் போனபின் மிஞ்சியது. நான்காவது வந்த வரலாற்றுக்குச் சான்று கிட்டவில்லை. நாலையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் கோக்கலாமா என்பதே ஆய்வு வினா.

சொல்லாராய்ச்சி

ஸ்பீக்கரின் முதுகில் ‘8 ஓம்’ என்றிருக்கும். ஓம், கோயிலில் பிரணவம், யாழ்ப்பாணத்தில் ‘ஆமாம்’, ஜெர்மனியிலோ, 1827இல் மின்சுற்று பற்றி நூல் வெளியிட்ட ஆசிரியர் ஒருவரின் பெயர். இசைவைக் குறிக்கும் ஒலியே மின்மறுப்புக்கு அலகானது ஆராயத்தக்கது.

நூற்பா 1: பக்கத்தில் சேர்ப்பின் மறுப்புக் குறையும்.

உரை: சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை ஒரே முனையில் செருகினால் 16 ஆகாது, 4 ஆகும். நாலு செருகினால் 2. கூட்டினால் குறைவது என்னையெனின், பந்திக்கு நாலு வாசல் திறந்தால் கூட்டம் தடையின்றிப் பாயும் ஆகலின். 20 வோல்ட்டில் 8 ஓமுக்கு 2.5 ஆம்பியர் தரும் கருவி, 2 ஓமுக்கு 10 ஆம்பியர் தர வேண்டும். முடியாதென்று சொல்ல அதற்குத் தெரியாது. கொடுத்துக் கொடுத்தே சூடேறும்.

நூற்பா 2: தொடரில் கோப்பின் மறுப்புக் கூடும்.

உரை: முன்னதன் கறுப்பைப் பின்னதன் சிவப்பில் கோத்தால் எட்டும் எட்டும் பதினாறு. ஓசை தணியும். ஆம்ப்ளிஃபயர் நிம்மதியாக உறங்கும், வீட்டாரும்.

நூற்பா 3: இவ்விரண்டாய்த் தொடுத்துப் பக்கத்தில் சேர்ப்பின் எட்டே எட்டாம்.

உரை: இரண்டு பதினாறுகள் பக்கத்தில் நின்றால் மீண்டும் 8. ஆயினும் நாலும் ஒரே இனமாதல் வேண்டும். இல்லையேல் பங்கு சமமாகாது. என்னிடமுள்ளவை நாலு குலம், நாலு கோத்திரம்.

புறனடை: முனை மாறினால் ஒன்றின் கூம்பு முன்னே வர, மற்றது பின்னே போகும், பேஸ் காணாமற் போகும். ஐயமுற்றோர் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டுப் பார்க்க. கூம்பு முன்னே வரின் சரி.

களஆய்வு

நூற்பா 2, 3 இயற்றப்படுமுன் நான் முதலாவதைச் செய்துபார்த்தேன். அரைமணியில் வீட்டம்மா, "ஏதோ கருகுது" என்று அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பு குற்றமற்றது.

முடிவு

மறுக்கத் தெரியாதது கருகும். இதை நிறுவியபின் ஆம்ப்ளிஃபயருக்குப் புது டிரான்சிஸ்டர்கள் போட்டாயிற்று. நேற்று மச்சான் போன் செய்தார்: "மாப்ள, இன்னொரு ஜோடி இருக்கு. அனுப்பவா?"

"அனுப்புங்க மச்சான்" என்றேன்.

ஆய்வாளரின் மறுப்பு 2 ஓம் எனப் பதிவு செய்யப்படுகிறது.