துஷ்யந்தனின் சந்தேகம்

கேள்வி: ஒரகடம் ஆலையொன்றில் அப்ரண்டிஸாக இருக்கிறேன், வயது 19. பிரிந்துபோன காதலி, அவளுக்கும் 19, கர்ப்பமென்று தகவல் அனுப்பியிருக்கிறாள். போன் நம்பரை மாற்றிவிடலாமா, கல்யாணம் செய்துகொள்ளலாமா?

பதில்: சாபத்தால் சகுந்தலையை மறந்தான் துஷ்யந்தன், மோதிரமும் தொலைந்ததால் நினைவு திரும்பவில்லை; நீரோ சிம் கார்டைத் தொலைத்து மறக்க உத்தேசிக்கிறீர்! ஆணின் விவாக வயது 21 ஆகையால் கல்யாணத்துக்குச் சட்டமே தவணை தந்திருக்கிறது. குழந்தை பிறந்துவிட்டாலோ, ஜீவனாம்சப் பொறுப்பு தாலி கட்டியாயிற்றா என்று விசாரித்துக்கொண்டு வருவதில்லை. மணமாகாதவள் என்ற காரணத்தால் 20 வாரத்துக்கு மேல் 24 வரையிலான கருக்கலைப்பிலிருந்து ஒருத்தியை விலக்கலாகாதென்று 2022-இல் உச்ச நீதிமன்றம் வியாக்கியானம் செய்த 1971-ஆம் வருஷத்து மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், டாக்டரின் அபிப்பிராயத்தோடு, மேஜரான அப்பெண்ணின் சம்மதத்தைத்தான் கோருகிறதேயன்றி, உம்முடைய சம்மதத்தையோ சாபத்தையோ அன்று. ஆகவே, முடிவு அவளுடையது. செலவில் பாதி உம்முடையது. அவள் விரும்பினால், ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போய்வாரும்.