பென்ஷன், பினாங்கு, பெட்டி படுக்கை

ஓய்வுக்காலத்தை மலேசியாவில் கழிக்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: மலேசியாவில் போய் செட்டில் ஆகலாம் என்கிறாள் மனைவி. கடற்கரையா, மலையா, நகரமா? (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி)

ப: நல்ல மருத்துவமனைக்கு அரை மணி நேரத்தில் போக முடிகிற இடம். கடலும் மலையும் அப்புறம்.

கே: அங்கே நீண்டகாலம் தங்க என்ன வழி? (அரசு ஊழியர், வேலூர்)

ப: ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற அரசுத் திட்டம். 2002இல் பிறந்தது. 2024இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை போல மாறியது. வெள்ளிக்கு 1.5 லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, 5 ஆண்டு அனுமதி. தங்கத்துக்கு 5 லட்சம், 15 ஆண்டு. பிளாட்டினத்துக்கு 10 லட்சம், 20 ஆண்டு. வீடும் வாங்கியாக வேண்டும்: முறையே குறைந்தது 6 லட்சம், 10 லட்சம், 20 லட்சம் ரிங்கிட்டுக்கு. இவ்வளவு கொட்டினாலும் கையில் கிடைப்பது விசாதான், குடியுரிமை அல்ல.

கே: எனக்கு பிளாட்டினம்தான் சரிப்படும். உடனே பணம் கட்டலாமா? (தொழிலதிபர், கோவை)

ப: உங்களால் முடியும், ரிசர்வ் வங்கி விடாது. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். பத்து லட்சம் சேர நான்கு நிதியாண்டு ஆகும். அல்லது குடும்பத்தில் நான்கு பேர் ஒரே ஆண்டில் ஆளுக்கு ஒரு பங்கு அனுப்ப ஒத்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டு காத்திருப்பது சுலபம்.

கே: பினாங்கா, ஈப்போவா? வீட்டில் தினமும் பட்டிமன்றம்! (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

ப: இரண்டு பக்கமும் வலுவான வாதம் உண்டு. பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம். தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை; எதிர்க்கரையான சுமத்ராவிலிருந்து விமானம் ஏறி வைத்தியத்துக்கு வருகிறார்கள். கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானமும் வந்துவிட்டது. குறை? வாடகை அதிகம். விடுமுறை நாளில் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது.

ஈப்போ, ஈயம் தோண்டிப் பணக்கார ஊரானது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், பழைய கடைவீதிகள், நாடெங்கும் பேர்பெற்ற வெள்ளைக் காப்பி. பினாங்கைவிடச் செலவு குறைவு. கோலாலம்பூருக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஆனால் காரில்லாமல் அங்கே காலம் தள்ளுவது கஷ்டம். 65 வயதில் ஸ்டீயரிங் பிடிப்பீர்கள், சரி. 80 வயதில்? என் தீர்ப்பு பினாங்குக்கே.

கே: வியர்வை எனக்கு ஆகாது. கேமரன் மலைக்குப் போய்விடட்டுமா? (பொறியாளர், சென்னை)

ப: சுமார் 1,500 மீட்டர் உயரம், தேயிலை, ஸ்ட்ராபெரி, ஸ்வெட்டர். எல்லாம் ஜோர். 1967 மார்ச்சில் தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த ஜிம் தாம்சன் அங்கே உலாவப் போனவர்தான், இன்றுவரை திரும்பவில்லை. அதைவிடப் பயமானது மலைப்பாதை. பெரிய இதய சிகிச்சை என்றால் அத்தனை வளைவையும் கடந்து கீழே இறங்க வேண்டும். ஒரு வாரம் இருங்கள், ஆயுள் முழுக்க வேண்டாம்.

கே: தைப்பிங் அமைதியான ஊராமே? (வாசகி, காரைக்குடி)

ப: அமைதிதான், அழகுதான். அந்த ஏரிப் பூங்காவுக்காகவே போகலாம். ஆனால் தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர் அது. மழை இன்றைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஊர்க்காரர்கள் பந்தயம் கட்டிய கதை பிரபலம். வருமா வராதா என்பதற்குப் பந்தயமே இல்லை.

கே: எந்த மாதத்தில் போய் வீடு பார்க்கலாம்? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மதுரை)

ப: மோசமான மாதத்தில். நல்ல மாதத்தில் எல்லா ஊரும் நல்ல ஊர்தான். கிழக்குக் கரையான திரெங்கானு, கிளந்தான் பக்கம் என்றால் டிசம்பரில் போங்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் குமுறும், படகு நிற்கும், வெள்ளம் வரும். மேற்குக் கரை என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரியும் ஆண்டுகளில் அந்தப் புகைமூட்டம் நீரிணையைத் தாண்டி வந்து மூச்சை அடைக்கும். ஆஸ்துமாக்காரர் வீட்டு விலையைக் கேட்குமுன் இதைக் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. ஹோட்டலை விட்டுவிட்டு, ஒரு மாத வாடகைக்கு அடுக்ககம் பிடியுங்கள். பால் எங்கே, மருந்துக்கடை எங்கே, நடைபாதை எங்கே முடிகிறது, இரவு பத்து மணிக்கு டாக்சி கிடைக்கிறதா என்று வாழ்ந்து பாருங்கள்.

கே: பிடிக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு வந்தால் போச்சு! (வாசகர், சேலம்)

ப: போச்சுதான், பணம்! வெளிநாட்டவர் வாங்கிய வீட்டை 5 ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி, அதற்குப் பின்னும் 10. இரண்டாவது இல்லத் திட்டத்துக்காக வாங்கியதை, அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறினாலொழிய 10 ஆண்டு விற்கவே முடியாது. 70இல் வாங்கினால் 80இல் விற்கலாம். கணக்குப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.

கே: ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டி மலிவு என்கிறார்களே? (வணிகர், ஈரோடு)

ப: அங்கே தனிச் சலுகை உண்டு. 50 வயதைத் தாண்டியவருக்கு வைப்புத்தொகை 32,000 டாலர்தான். கடலைத் தூர்த்து, ஏழு லட்சம் பேருக்கென்று திட்டமிட்ட நகரம். வந்து குடியேறியவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். முதுமையில் மலிவு விலையில் வாங்கக்கூடாத ஒன்று, தனிமை.

கே: கூச்சிங் எப்படி? (ஆய்வாளர், புதுச்சேரி)

ப: ஆற்றங்கரை நகரம், சுத்தம், அவசரமில்லாத ஜனங்கள். ஆனால் அது இருக்கும் சரவாக் மாநிலத்துக்குக் குடிநுழைவில் தனி அதிகாரம், இரண்டாவது இல்லத் திட்டமும் தனி. கோலாலம்பூர்வாசியே அங்கே போனால் குடிநுழைவுச் சோதனையைத் தாண்ட வேண்டும். தமிழ்ப் பேச்சு அபூர்வம். பேச ஆள் தேடாதவர்களுக்கு நல்ல ஊர்.

கே: தமிழ் கேட்காமல் என் அம்மா சாப்பிடவே மாட்டார். (வாசகி, திருநெல்வேலி)

ப: அப்படியானால் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் அல்லது கிள்ளான். இட்லி, பூக்கடை, கோயில், வானொலியில் மின்னல் எப்.எம். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம்; பத்துமலைக்கு அங்கிருந்தே ரயில். 272 படிகளை அம்மா ஏற வேண்டாம். 42.7 மீட்டர் முருகன் கீழேயே நிற்கிறார்.

கே: எத்தனையாவது மாடி நல்லது? (கணக்காளர், நாகர்கோவில்)

ப: லிப்ட் பழுதானால் நீங்கள் நடந்து ஏறக்கூடிய மாடி. நீச்சல் குளத்தைக் காட்டினால் மயங்காமல், பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கொசுவும் மாடி ஏறும்; டெங்கு அங்கே ஆண்டு முழுக்க உண்டு.

கே: லங்காவித் தீவில் வீடு பார்த்துவிட்டார் கணவர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மலாய் தெரியாது. என் பேச்சு எடுபடவில்லை. (இல்லத்தரசி, மதுரை)

ப: அம்மா, இந்த வாரம் வந்ததில் முக்கியமான கேள்வி உங்களுடையது. இரண்டு பேர் சேர்ந்து இடம் தேடுகிறீர்கள். கடைசியில் அங்கே ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவர் தனியாகக் கடைக்குப் போக, டாக்டரிடம் வலியைச் சொல்ல, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடிகிற இடமே சரியான இடம். லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு, சாக்லேட் மலிவு. பெரிய சிகிச்சைக்குக் கடல் தாண்ட வேண்டும்.

வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கட்டும். அங்குள்ள சொத்துக்கு அங்கேயே உயில் எழுதச் சொல்லுங்கள். அவருக்குப் பின் உங்கள் விசா எப்படித் தொடரும் என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இந்த மூன்றும் முடியாமல் ஒரு ரிங்கிட்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்: லங்காவி வேண்டாம், பினாங்கில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.