கால்வாய்க்கு ஓட்டு கிடையாது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கால்வாய்க்குத் தேர்தல் நடக்கிறது. சிரிக்காதீர்கள். பெரும்பாலான கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், வடிகாலுக்கென்றே ஓர் ஆணையர் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டு அவரை அனுப்புகிறார்கள். 2012-இல் வாஷ்டினா கவுண்டியில் ஈவன் பிராட் என்ற சிவில் பொறியாளர் நின்றார், ஜெயித்தார். கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரைத் திட்டுவது என்று அந்த ஊர்க்காரனுக்குப் பேரோடு தெரியும். நெதர்லாந்தில் நீர் வாரியங்களுக்கு இன்றும் தேர்தல் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பழக்கம். பாவம், பழைய ஆட்கள்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானிலும் அப்படி ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டினார். அம்மா செம்பனைக்கு உரம் போட்டார். பிள்ளை சிவில் படித்துப் பொறியாளர் ஆனான். இவ்வளவு மழைக்கு லிங்கி ஆறு எவ்வளவு தாங்கும், எந்த மதகு குறுகல், எந்தக் கால்வாய்க்கு வாட்டமே இல்லை என்று அவனுக்குத் தெரியும். "வடிகாலை என்னிடம் கொடுங்கள், எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று வேட்புமனுவோடு புறப்படுகிறான்.

எங்கே போய்க் கொடுப்பான்?

எங்கேயும் கொடுக்க முடியாது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு ஈமச்சடங்கு செய்துவிட்டது. 10-ஆம் பிரிவு வாரிசுகளை அறிவித்தது: எட்டு பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மிகாமல் உறுப்பினர்கள், எல்லாரும் நியமனம். தகுதியும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊராட்சியில் பரந்த அனுபவம் வேண்டும், அல்லது தொழிலில் சிறந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையா, தன் சமூகத்தின் நலனைப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அருமை. இதையெல்லாம் யார் பார்த்து முடிவு செய்வது? மாநில அரசு. எந்தக் கட்சிக்கு எத்தனை நாற்காலி என்ற கூட்டல் கழித்தல் முடிந்த பிறகு, பரந்த அனுபவம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். கொடி கட்டத் தெரிந்தவருக்குக் கால்வாய் கட்டத் தெரியாதா என்ன?

2018-இல் நெகிரியில் ஆட்சி மாறியது. சட்டையின் நிறம் மாறியது. நாற்காலி கிடைக்கும் வழி மாறவில்லை.

தேர்தலை நிறுத்தியது தற்காலிக ஏற்பாடு என்றுதான் முதலில் சொன்னார்கள். இந்தோனேசியாவுடன் மோதல், ஆகவே ஊராட்சித் தேர்தல் நிறுத்தம் என்று 1965-இல் அறிவித்தார்கள். மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது. தேர்தல் இன்னும் பதுங்குகுழியை விட்டு வெளியே வரவில்லை.

நடுவில் ஓர் அரச விசாரணை ஆணையமும் போட்டார்கள். தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். ஊர் ஊராகக் கேட்டு, ஆராய்ந்து, 1968-இல் அறிக்கையைக் கொடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஊராட்சியை நடத்த வேண்டும் என்றது அறிக்கை. அரசாங்கம் அதை மரியாதையாக வாங்கி, மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டது. அவர் பெயரைக் கோலாலம்பூரில் ஒரு சாலைக்குச் சூட்டினார்கள். அந்தச் சாலையோரக் கால்வாயைக் கவனிக்கும் மாநகர் மன்றத்தின் மேயரும் நியமனம்தான்.

பினாங்கு தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்தது. உனக்கு அந்த அதிகாரமில்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊராட்சித் தேர்தல் வந்தால் மே 13 இனக்கலவரம் திரும்பும் என்று 2015-இல் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங் எச்சரித்தார். இனங்கள் மோதிக்கொள்ளும் என்று 2018-இல் பிரதமர் மகாதீரும் கையை விரித்தார். மே 13 நடந்தது 1969-இல். அதற்கு நான்கு வருடம் முன்பே ஊராட்சித் தேர்தலை நிறுத்தியாயிற்று. செத்துப்போனவன் மேல் கலவரக் கேஸ் போடும் நாடு உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

சரி, நியமனமானவர்கள் தண்ணீரையாவது ஓட விட்டார்களா?

நீர்ப்பாசன வடிகால் துறையிடம் தடிமனான கையேடு ஒன்று இருக்கிறது. 2001-இல் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் இரண்டாம் பதிப்பு. குறை சொல்ல முடியாத கையேடு. வீடு கட்டிய பிறகு அந்த நிலத்திலிருந்து பாயும் உச்ச வெள்ளம், கட்டுவதற்கு முன் பாய்ந்ததைத் தாண்டக் கூடாது என்கிறது. அதற்காகத்தான் தேக்கக் குளம். நீலாயிலும் செண்டாயானிலும் சிரம்பானைச் சுற்றியும் ரப்பரும் செம்பனையும் நின்ற மண் சிமெண்டு ஆனது. மரம் குடித்த தண்ணீர் இப்போது வீட்டுக் கூடத்துக்கு வருகிறது. 2021 டிசம்பர் வெள்ளம் நெகிரியையும் விடவில்லை. அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடு முழுக்க 6.1 பில்லியன் ரிங்கிட் நஷ்டம் என்று புள்ளிவிவரத் துறை கணக்குக் காட்டியது. கையேடு நனையவில்லை. அது மாடியில் இருந்தது.

புகார் கொடுக்கப் போய்ப் பாருங்கள். வீட்டோரக் கால்வாய் ஊராட்சி மன்றத்துடையது. ஆறு வடிகால் துறையுடையது. பெரிய சாலையோரத்து வாய்க்கால் பொதுப்பணித் துறையுடையது. தோட்டத்துப் பள்ளம் கம்பெனியுடையது. தண்ணீர் ஒன்றுதான், அதற்கு இலாகா எல்லை தெரியாது. ஆகவே அது எல்லா எல்லையும் கடந்து நம் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கிறது.

தோட்டத்துக்காரன் பாடு இதிலும் கீழே. தனியார் நிலம் என்ற ஒரு மந்திரம் போதும், மன்றத்து லாரி வாசலோடு திரும்பிவிடும். தனியார் நிலத்துக்குள் வரக்கூடிய ஒரே அரசாங்கக் காரியம் தேர்தல் பிரச்சாரம். அதற்கு வேலியும் கிடையாது, பாதுகாவலரும் கிடையாது. வெள்ளம் வடிந்த மறுநாள் அரிசி, பிஸ்கட், சார்டின் டப்பா, படம் எடுக்க ஓர் ஆள். பொட்டலத்தின் மேல் தலைவர் சிரிக்கிறார். பத்து வருடப் பொட்டலக் காசைச் சேர்த்திருந்தால் இரண்டு மதகையாவது அகலப்படுத்தியிருக்கலாம். ஆனால் மதகு மேல் படம் ஒட்டினால் யார் பார்ப்பார்கள்?

தேர்தல் இருந்தால் மட்டும் கிழித்துவிடுவோமா என்று கேட்கலாம். கேளுங்கள். 2018 ஏப்ரல் 28, ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி. டாக்டர் ஸ்ரீராம், மயக்க மருந்து நிபுணர், மனுத் தாக்கல் செய்ய வந்தார். தேர்தல் ஆணையத்தின் நுழைவுச் சீட்டு இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மாநில முதல்வரான மந்திரி புசார் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். அந்த வெற்றி செல்லாது என்று நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் சொன்னது. 2019 ஏப்ரல் 13-இல் இடைத்தேர்தல். முகமட் ஹசானே வென்றார். இந்த முறை ஓட்டு வாங்கி. தோற்றவர் தோற்றார், போகட்டும். வாசலில் நிறுத்தியதைக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. ஓட்டுப்பெட்டி இருந்தது. எண்ணிச் சொல்ல ஆள் இருந்தது. நம் பொறியாளனுக்குத் தடுத்து நிறுத்த ஒரு வாசல்கூட இல்லை.

அவன் வீட்டுக்கு மன்றத்திலிருந்து ஒன்று மட்டும் தவறாமல் வருகிறது. மதிப்பீட்டு வரி, அரையாண்டுக்கு ஒருமுறை. இரண்டாம் தவணை கட்டக் கடைசி நாள் ஆகஸ்டு 31. அன்று சுதந்திர தினம்.