வடம் தொட்டவர்கள்

பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திறந்து எழுத உதவும் கருவிகளில் வகுப்பறைக்குள் அதிகம் புழங்குவது கூகுள் டாக்ஸ். ரைட்லி என்ற பெயரில் 2005-இல் பிறந்ததை அடுத்த ஆண்டே கூகுள் வாங்கியது. ஒரு கோப்பில் 100 பேர் வரை எழுதலாம். ஆறு பேர் குழுவுக்குக் கொடுத்த திட்டப்பணியில் எழுதுபவர் ஒருவர்.

ஒரே வரியில் இருவர் கைவைத்தால் என்ன ஆகும் என்பது கணினித் துறையின் பழைய கவலை. எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989-இல் அதற்கு வழி சொன்னார்கள். முன்னால் ஒருவர் ஐந்து எழுத்தைச் செருகினால், பின்னால் இருப்பவரின் திருத்தத்தைக் கருவியே ஐந்து எழுத்து தள்ளி வைத்துக்கொள்ளும். குழாயடிச் சண்டை இப்படித்தான் தவிர்க்கப்படுகிறது. முடிவுரையை யார் எழுதுவது என்ற சண்டை அவர்கள் ஆய்வுக்குள் வரவில்லை.

இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கில் நுழையாமல் வருபவரைக் கருவி பெயரற்ற விலங்காகக் காட்டும். வைகை ஆறு பற்றிய கட்டுரைக்கு மேலே வொம்பாட், கேபிபாரா, ஆக்ஸலாட்டில் என்று வைகைக் கரை பார்த்திராத உயிர்கள் வட்ட வட்டமாக உட்கார்ந்திருக்கும். “யார்ரா அந்த கேபிபாரா? ஒரு மணி நேரமா சும்மாவே உக்காந்திருக்கு” என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்.

தமிழ்த் தட்டச்சு பழகாதவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சு உண்டு. அது காதில் விழுந்ததையெல்லாம் எழுதும். “வருசநாட்டு மலையில் உற்பத்தியாகும் வைகை மூணு விசில் வந்தா ஆஃப் பண்ணிடு மதுரை வழியாகப் பாய்கிறது” என்பது அந்த வகை வாக்கியம். அழித்தாலும் தப்ப முடியாது. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது பதிப்பு வரலாற்றில் தனித்தனி நிறத்தில் கிடக்கும். மதிப்பெண் போடும் நாளில் ஆசிரியர் முதலில் திறப்பது அதைத்தான்.

ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் கயிறு இழுக்கும் வலு குறைகிறது என்று மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் அளந்து பார்த்து 1913-இல் வெளியிட்டார். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முன்வரிசை மூச்சு வாங்க இழுக்கும்; நடுவே பலர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடவே நடப்பார்கள். பதிப்பு வரலாற்றிலும் அவர்களைக் காணலாம்: இரவு 11:52-க்கு ஒரு முற்றுப்புள்ளி, 11:54-க்குத் தலைப்பு தடித்த எழுத்தாக்கப்பட்டது, 11:57-க்கு விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு பத்தி, நீல இணைப்புகளோடும் அடைப்புக்குறிக்குள் 4 என்ற எண்ணோடும் அப்படியே.

நள்ளிரவில் கெடு முடிந்ததும் ஆசிரியர் கோப்பைப் ‘பார்வைக்கு மட்டும்’ என்று மாற்றிவிடுவார். அதன் பிறகுதான் எழுத அனுமதி கேட்டு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும், குழுவுக்கு ஐந்து வீதம்.