புரோகிரெசிவ் டெத் மெட்டல் ஆல்பம் போட விரும்புவோர் கவனத்திற்கு

முதல் வேலையாக ஸ்வீடனில் பிறந்துவிடுங்கள். முடியாதென்றால் ஃப்ளோரிடாவும் பரவாயில்லை. சக் ஷுல்டினரின் 'டெத்' குழுவும் 'சினிக்'கும் அங்கே விளைந்தவைதான். 1991-இல் வந்த 'ஹியூமன்', 1993-இல் வந்த 'ஃபோகஸ்' இரண்டும் டாம்பாவின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானவை. ஆனாலும் ஃப்ளோரிடாவில் வெயில் அதிகம், கடற்கரை வேறு கூப்பிடும். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதம் மூன்று மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதற்குமேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? இருபது நிமிஷத்துக்குப் பாட்டு எழுதுவான்.

கிட்டார் ஒலி சுலபம். சன்லைட் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் காட்டிய வழி: 'பாஸ்' கம்பெனியின் ஹெச்.எம்-2 பெடலை வாங்கி, அதிலுள்ள எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகிவிடுங்கள். 1990-இல் 'என்டூம்ப்ட்' குழுவின் முதல் ஆல்பம் மரமறுக்கும் ரம்பம்போல இரைந்தது இந்த வித்தையால்தான். இத்துடன் உங்களுக்கு டெத் மெட்டல் கைவந்துவிட்டது. 'புரோகிரெசிவ்' என்ற அடைமொழி வேண்டுமென்றால் அந்தப் பெடலை அணைக்கவும் தெரிய வேண்டும். பலரும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

அணைப்பதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். 2000-இல் 'ஓபெத்' குழு கோத்தன்பர்க்கின் ஸ்டுடியோ ஃப்ரெட்மனில் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது, 'போர்க்குபைன் ட்ரீ' குழுவின் ஸ்டீவன் வில்சனைத் தயாரிப்பாளராகக் கூப்பிட்டது. அவருக்கும் உறுமலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆகவேதான் சரியான ஆள். மெல்லிய குரல்களை அடுக்குவதிலும், பியானோவுக்கு இடம் விடுவதிலும் அவர் கவனம் போனது. உறுமலை ஓபெத்தின் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் பார்த்துக்கொண்டார்.

உறுமல் என்றதும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தாதீர்கள். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, குரல்நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளை அதிரவிட வேண்டும். அதே ஆள் அடுத்த வரியிலேயே தாலாட்டுக் குரலில் பாட வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. வீட்டில் பழகும்போது அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பெயர் வைக்க மூளையைக் கசக்க வேண்டாம். பழைய இசைத்தட்டுகளைப் புரட்டுங்கள். 'பிளாக்வாட்டர் பார்க்' என்பதே எழுபதுகளில் ஒரே ஒரு ஆல்பத்தோடு காணாமல்போன ஜெர்மானியக் குழுவின் பெயர். 'ஓபெத்' வில்பர் ஸ்மித்தின் நாவலிலிருந்து வந்தது. அட்டையில் குழுவின் பெயரையே போடாமலும் விடலாம். 1995-இல் ஓபெத்தின் 'ஆர்க்கிட்' ஆல்பம் அப்படித்தான் ஒரு பூவை மட்டும் காட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பதென்று திண்டாடினால் அது அவர் பாடு.

நீளம் முக்கியம். 1996-இல் 'எட்ஜ் ஆஃப் சேனிட்டி' குழுவின் டான் ஸ்வானோ, 'கிரிம்சன்' ஆல்பம் முழுவதையும் நாற்பது நிமிஷத்துக்கு ஒரே பாட்டாகப் போட்டார். மனித குலத்துக்குப் பிள்ளைப்பேறே அற்றுப்போன காலம். அரசிக்கு மட்டும் ஒரு பெண் பிறக்கிறாள். அந்தப் பெண்ணே பிறகு கொடுங்கோலியாகிறாள். இப்படி ஒரு கதை இருந்தால் நாற்பது நிமிஷம் ஓடும். கதை இல்லாமல் ரிஃப்களை மட்டும் வரிசையாகக் கோத்தாலும் ஓடும், ஆனால் கோத்த நூல் வெளியே தெரியும். அதே ஆண்டு வந்த ஓபெத்தின் இருபது நிமிஷப் பாட்டில் எனக்கு அது தெரிகிறது. அந்தப் பாட்டின் பக்தர்கள் என்னை மன்னிக்க வேண்டாம்.

சத்தமும் அமைதியும் ஒரே பாட்டில் ஒத்துப்போகவில்லையா? பாகப்பிரிவினை செய்துவிடுங்கள். ஓபெத் அடுத்தடுத்து வெளியிட்ட 'டெலிவரன்ஸ்' (2002), 'டாம்னேஷன்' (2003) இரண்டும் ஒரே காலத்தில் பதிவானவை. முதலாவதில் இடி, இரண்டாவதில் மெலோட்ரான். அந்த இரண்டாவதில் உறுமல் மருந்துக்கும் இல்லை.

எல்லாம் கைகூடிப் பேர் வந்தபின் உறுமலையே விட்டுவிடுங்கள். 2011-இல் 'ஹெரிடேஜ்' ஆல்பத்தில் ஓபெத் இதைத்தான் செய்தது. ரசிகர்கள் கொந்தளிப்பார்கள். அசையாதீர்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-இல் ஓபெத் செய்ததுபோல ஓர் உயிலைச் சுற்றிய கதையோடு உறுமலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏழு பாட்டுகளுக்குத் தலைப்புக்குப் பதில் பத்தி எண்களைப் போடுங்கள். புல்லாங்குழலுக்கு 'ஜெத்ரோ டல்' குழுவின் இயன் ஆண்டர்சனையே அழைத்துவிடுங்கள். அப்போதும் ஒருவர், "பழைய உறுமல்போல இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார். அவரிடம் வாதாடாதீர்கள். வினைல், சி.டி., டி-ஷர்ட் மூன்றையும் வாங்கப்போகிறவர் அவர்தான்.