வீடு தேடி வந்த பல்கலைக்கழகம்

கேள்வி: பகல் முழுதும் வேலை பார்ப்பவர் பகுதிநேரமாகப் படித்துப் பட்டம் பெறுவது நடக்கிற காரியமா?

பதில்: நடக்கிற காரியமே. மாணவர் போக முடியாத இடத்தில் பல்கலைக்கழகமே புறப்பட்டு வரவேண்டும், அவ்வளவுதான். 1969இல் அரச சாசனம் பெற்று, 1971இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமல், அதாவது பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரையும் சேர்த்துக்கொண்டு, பிபிசி வழியே பாடங்களை ஒளிபரப்பியதோடு, அறிவியல் பயின்றோர்க்குச் சிறு நுண்ணோக்கி உள்ளிட்ட சோதனைப் பெட்டியையும் வீட்டுக்கே அனுப்பியதால், சமையலறை மேசை ஆய்வுக்கூடமாயிற்று. எனினும் அதன் உண்மையான அருமை கிரெடிட் முறையில், அதாவது தேறிய ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய அலகைச் சேர்த்துவைத்துப் பட்டமாக்கும் ஏற்பாட்டில் உள்ளது. இடையில் குழந்தை பிறந்து படிப்பு ஓராண்டு நின்றாலும், முன்பு தேறிய பாடம் கணக்கில் அப்படியே இருக்கும்.