இல்லாத காருக்கு ஓர் இருக்கை

மழலையர் பொருள் பேரங்காடியின் மாட்சிமை தங்கிய மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு,

கடந்த ஞாயிறு மாலை பத்து மாதக் குழந்தையோடு ஒரு தம்பதி தங்கள் கடைக்கு வந்துபோனார்கள். இருவர் கையிலும் ஹெல்மெட் தொங்கியதால் தங்கள் விற்பனையாளருக்கு நினைவிருக்கும். கேட்டது இரண்டே பொருள்: குழந்தைக்கு ஒரு ஹெல்மெட், ஸ்கூட்டர் ஓட்டுபவரோடு குழந்தையைச் சேர்த்துக் கட்டும் பெல்ட். "அதெல்லாம் சைக்கிள் கடைல கேளுங்க சார். இங்க கார் வச்சிருக்கவங்கதான் வருவாங்க" என்று அவர் சொன்னது பில் போடும் வரிசை முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் திரும்பிக் குழந்தையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இல்லாத காருக்குத் தாங்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளோ கண்கொள்ளாக் காட்சி. இல்லாத காரின் பின்சீட்டில் மாட்ட ஐசோஃபிக்ஸ் குழந்தை இருக்கை. இல்லாத காரின் ஜன்னலுக்கு யானை படம் போட்ட வெயில் திரை. இல்லாத காரின் பின்கண்ணாடியில் ஒட்ட, உள்ளே குழந்தை இருப்பதாக ஊருக்கு அறிவிக்கும் ஸ்டிக்கர்.

கார் இருக்கை வேண்டியதுதான். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் குழந்தையைக் காரில் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்தச் சட்டத்தை அறிந்த தங்களுக்கு, 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கும் இன்னொரு விதி மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது? நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருசக்கர வண்டியில் போனால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை வேண்டும். அது 30 கிலோ தாங்க வேண்டும். ஒன்பது மாதம் நிறைந்தால் ஹெல்மெட். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத தங்கள் ஊழியர் வாக்கரைக் காட்டினார். "சீக்கிரம் நடந்துடும் சார்." கனடா 2004 ஏப்ரலிலேயே இதன் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது, பழைய வாக்கரைக்கூட அங்கே விற்க முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை இதனால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் 2,30,000க்கும் மேல். பெரும்பாலும் மாடிப்படியில் உருண்டு, தலையில் அடிபட்டவர்கள். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் வண்டியை எந்தத் தாய் எட்டிப் பிடிப்பாள்? சீக்கிரம் நடக்கவும் அது கற்றுத்தராது. தாத்தா காலத்து மர நடைவண்டியிலாவது பிள்ளை தன் காலில் நின்று தள்ளும். இதை வாசலில் அடுக்கி வைக்க வெட்கமாக இல்லையா? நாளைக்கு ஒரு பிள்ளையின் மண்டை உடைந்தால் யார் வந்து நிற்பீர்கள்? கட்டிக் காக்கும் பொருள் கைவசம் இல்லை. கீழே தள்ளும் பொருளுக்கு மட்டும் தள்ளுபடி!

மன்னிக்கவும். தங்கள் ஏசியில் நின்று குளிர்ந்துவிட்டு இப்படிச் சூடாவது நன்றியாகாது.

தம்பதி கடைசியில் வாங்கியது ஒரு டஜன் துணி நாப்கின். அதற்கும் தங்கள் கம்ப்யூட்டர் கார் எண் கேட்டது. இல்லை என்றதும் தங்கள் காசாளர் பெருந்தன்மையோடு ஏதோ ஓர் எண்ணைத் தட்டி, இரண்டு மணி நேர இலவசப் பார்க்கிங் சீட்டைக் கையில் கொடுத்தார். இல்லாத கார் இலவசமாக நின்றது. இருந்த ஸ்கூட்டருக்குக் கீழ்த்தளத்தில் 20 ரூபாய் வாங்கிவிட்டார்கள். சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அந்த 20 ரூபாயைத் திருப்பித் தர ஆவன செய்யும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளராகும் தகுதி இல்லாதவர்கள் சார்பில்